துப்பாக்கிக்கு வெந்நீர்

நாவலூருக்குக் குடிவருகிறவர்கள் முதல் வருஷத்திலேயே ஒன்று கற்றுக்கொள்கிறார்கள். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உப்புக் காற்றைத் தாங்க முடியாது. கிழக்கே நாலு கிலோமீட்டரில் கடல். தெற்கே கேளம்பாக்கம் பக்கம் உப்பளம். நடுவில் நாம். நம்முடைய கேட், கிரில், ஸ்கூட்டர், ஏ.சி. எல்லாம். தீபாவளிக்கு அடித்த பெயின்ட் பொங்கலுக்குள் அப்பளமாக உரிகிறது.

இதைப் பற்றிப் புலம்பாத ஒரே ஜீவன் எங்கள் மூன்றாவது மாடி ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். எழுபது தாண்டியவர். ராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி வைத்தியராக, இருந்து ரிடையர் ஆனவர். ஒரு நாள் துருவைப் பற்றி அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

''வெளியில தெரியற துரு நல்ல துரு சார். எமரி பேப்பர் போட்டா போயிடும். உள்ள இருக்கிறதுதான் கேடி'' என்றார்.

அன்றிலிருந்து தவணை முறையில் எனக்குப் பாடம் நடக்கிறது. பாடப் பொருள்: 303.

காலேஜில் என்.சி.சி.யில் இருந்த பழைய ஆசாமிகளுக்கு அறிமுகமே வேண்டாம். தோள்பட்டை இன்னும் ஞாபகம் வைத்திருக்கும். லீ-என்ஃபீல்ட் ரைஃபிள். சுமார் நாலு கிலோ கனம். பிரிட்டிஷ்காரர்களின் கண்டுபிடிப்பு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இஷாப்பூர் ஃபேக்டரியில் லட்சக்கணக்கில் செய்தார்கள். ராணுவம் கைகழுவிய பிறகும் போலீஸ் ஸ்டேஷன்களில் பல காலம் நின்றது. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு பிரியாவிடை கொடுத்தது.

303 என்பது மாடல் நம்பர் இல்லை. குழாயின் உள்விட்டம். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 303 பங்கு. குழாய்க்குள்ளே 5 வரிப்பள்ளங்கள் இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். போல்ட்டில் இருக்கிற மரை மாதிரிதான். ஆனால் ரொம்பச் சாவகாசமான மரை. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆழம் என்ன தெரியுமா? ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு தலைமுடி. அவ்வளவுதான்.

இந்த இரண்டு தலைமுடிதான் குண்டைப் பம்பரமாக்குகிறது. குழாயை விட்டு வெளியே வருகிறபோது விநாடிக்கு 2,400 அடிக்கு மேல் வேகம். கணக்குப் போட்டால் விநாடிக்கு சுமார் 2,900 சுற்று. உங்கள் வீட்டு சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடில் விநாடிக்கு ஐந்தாறு சுற்று சுற்றுகிறது. சுற்றுகிற பம்பரம் நிற்கும். சுற்றாத பம்பரம் விழும். குண்டும் அப்படித்தான். வரிப்பள்ளம் தேய்ந்துபோனால் குண்டு கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே குட்டிக்கரணம் போடும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். குழாயின் நீளம் 25 அங்குலம். அதைக் கடக்கக் குண்டுக்கு ஆகிற நேரம், ஒரு விநாடியை ஆயிரமாக்கினால் அதில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு. ஒரு துப்பாக்கி தன் ஆயுளில் பத்தாயிரம் குண்டு சுட்டது என்று வைத்துக்கொண்டால், அது உண்மையாக உழைத்த மொத்த நேரம் பதினைந்து விநாடி!

மற்ற நேரமெல்லாம்? 'கோத்' என்று அவர்கள் சொல்கிற ஆயுத அறையில் நிற்கிறது. ஐம்பது வருஷம். அப்படியானால் அதைத் தேய்த்தது யார்?

ஹவில்தார் மூன்று பேரைக் கைகாட்டுகிறார். மூவரையும் பார்க்கலாம்.

முதல் குற்றவாளி, நெருப்பு. ஊட்டி ரயிலில் போயிருப்பவர்கள் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் பார்த்திருப்பீர்கள். அங்கே 1903-ல் ஆரம்பித்த கார்டைட் ஃபேக்டரி. 303-ன் வெடிமருந்து கார்டைட்தான். பொடியாக இருக்காது. சேமியா மாதிரி நீள நீளமாக இருக்கும். கார்டு என்றால் கயிறு, அதனால் கார்டைட்.

இந்த சேமியா எரிகிற சூடு, இரும்பு உருகுகிற சூட்டை விட அதிகம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் இரும்பு பிழைக்கிறது. முழுசாக இல்லை. தோட்டா உட்காருகிற இடத்துக்கு முன்னால், குண்டு வரிப்பள்ளத்தில் நுழைகிற வாசலை 'தொண்டை' என்கிறார்கள். சூடு முதலில் விழுவது அங்கேதான். வருஷம் போகப் போக அந்த இடம் சித்திரை மாசத்து ஏரி மாதிரி வெடித்துப் பாளம் பாளமாகிவிடும்.

வெள்ளைக்காரர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1888-ல் வந்த லீ-மெட்ஃபோர்டு என்ற துப்பாக்கிக்கு மழமழவென்று ஆழமில்லாத பள்ளங்கள். பழைய கரிமருந்துக்கு அது தோது. கார்டைட்டைப் போட்டதும் மளமளவென்று தேய்ந்துபோயிற்று. 1895-ல் கூர்மையான விளிம்போடு ஐந்து பள்ளம் வெட்டினார்கள். அதுதான் என்ஃபீல்ட். மருந்தையும் மாற்றினார்கள். முதல் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அடுத்ததில் அதை 30-ஆகக் குறைத்தார்கள். காரம் குறைந்ததும் தொண்டைக்கு நிம்மதி. மனுஷனுக்கும் இதைத்தானே டாக்டர் சொல்கிறார்!

இரண்டாவது குற்றவாளி, நம்ம ஊர் வில்லன். உப்பு.

தோட்டாவின் பின்னால் சின்னத் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும். ஊசி அதைத் தட்டினால் பொறி கிளம்பும். பழைய 303 தோட்டாக்களில் அந்தத் தொப்பிக்குள் பொட்டாசியம் குளோரேட். எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் சித்தப்பா பிள்ளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழாய்க்குள்ளே ஒரு சிட்டிகை உப்பு தெளித்த மாதிரி. அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி அங்கேயே உட்கார்ந்து இரும்பைத் தின்னும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிப்பாய் ஒழுங்காகத்தான் இருந்தான். சுட்டு முடித்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்தான். ஆனால் எண்ணெயில் உப்பு கரையாது. ஊறுகாய் ஜாடியைப் பார்த்தால் தெரியுமே, மேலே எண்ணெய் நிற்கும், கீழே உப்பு உப்பாகவே இருக்கும். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். துப்பாக்கிக்குள் தண்ணீர் ஊற்றுவதா என்று பதறாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவம் அதைத்தான் செய்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர். அதை ஊற்றுவதற்கென்றே ஒரு புனல். வெந்நீர் ஏன் என்றால், உப்பைக் கரைத்துவிட்டு, குழாயையும் சூடாக்கி, தானே ஆவியாகிவிடும். அதற்குப் பிறகுதான் எண்ணெய்.

''முதல்ல வெந்நீர், அப்புறம் எண்ணெய். நாம தலைக்குக் குளிக்கிறதுக்கு நேர் உல்ட்டா'' என்றார் ஹவில்தார்.

மூன்றாவது குற்றவாளியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுத்தம்.

303-ன் கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு பொந்து உண்டு. அதற்குள் எண்ணெய் பாட்டிலும் 'புல்-த்ரூ' என்கிற கயிறும் இருக்கும். கயிற்றின் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு, மறு நுனியில் துணி. பின்பக்கம் போட்டு, வாய்ப்பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் ஒன்றுமில்லை. அவசரத்தில் சாய்த்து இழுத்தால், கயிறு வாயின் ஒரு ஓரத்தில் உரசும். நூல் கயிறுதானே என்று நினைக்காதீர்கள். கிராமத்துக் கிணற்றங்கரையில், தாம்புக் கயிறு உரசிய கருங்கல்லில் விரல் நுழைகிற அளவு பள்ளம் பார்த்திருப்பீர்கள். கல்லே தேயும்போது இரும்பு எம்மாத்திரம்? பழைய 303-களின் வாயில் ஒரு பக்கம் மட்டும் வழுக்கைப் பள்ளம் விழுந்திருக்கும். குண்டு வெளியே வருகிற கடைசி நொடியில் அந்தப் பக்கமாக வாயு முந்திக்கொண்டு பீய்ச்சும். குண்டைக் கொஞ்சம் தள்ளிவிடும். வாயில் இம்மியளவு, நூறு கஜத்தில் சாண் கணக்கு.

ஆக, சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியை விட, துடைக்காமல் செத்ததும் துடைத்தே செத்ததும் நிறைய.

சரி, தேய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வார்னிஷ் போட்ட கட்டை, பாலிஷ் போட்ட பித்தளை, எல்லாம் கல்யாண போட்டோ மாதிரி. போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்கம் வெள்ளைக் காகிதத்தில் வெளிச்சம் பட வைத்து, வாய் வழியாகப் பார்க்க வேண்டும். டாக்டர் டார்ச் அடித்து, ''ஆ காட்டு'' என்பது போலத்தான்.

உள்ளே ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே குழாய் வீங்கியிருக்கிறது. எப்போதோ உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அதற்கு மருந்தே கிடையாது. பொட்டுப் பொட்டாகக் குழி இருந்தால் துரு தின்ற தழும்பு. பார்க்க அசிங்கம். ஆனால் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்தத் துப்பாக்கி ஒழுங்காகச் சுடும். அம்மைத் தழும்பு முகத்துக்காரர் ஆயுசு கெட்டியாக இருப்பதில்லையா? மாறாக, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்து விளிம்பு மழுங்கியிருந்தால், ஆள் அழகன், வேலைக்கு ஆகாது.

கண் ஏமாறும் என்பதால் அளவுக் கம்பிகள் உண்டு. 303 அளவுக் கம்பி குழாய் முழுக்க வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 308 கம்பி வாயில் கால் அங்குலத்துக்கு மேல் நுழையக் கூடாது. நுழைந்தால் சீட்டுக் கிழிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான் பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவே.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு விலாவாரியாக என்று கேட்பீர்கள். ஹவில்தார் சொன்ன ஒரு சம்பவத்தால்தான்.

வடக்கே ஏதோ ஒரு மாநிலம். போலீஸுக்குத் தேர்வான பையன்களுக்குச் சுடுகிற பயிற்சி. இவரை ரைஃபிள் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பையன் பத்துக்குப் பத்தும் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான். உஸ்தாத், அதாவது வாத்தியார், அவனை வெயிலில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட விட்டார். திரும்பி வந்து சுட்டான். மறுபடி கோட்டை. மறுபடி ஓட்டம். கை நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர். ''இவனை வீட்டுக்கு அனுப்பு'' என்கிற கட்டம்.

''நான் டார்கெட் பேப்பரைப் போய்ப் பார்த்தேன் சார். மூணே ஓட்டைதான் இருந்தது. மூணும் ரவுண்டா இல்ல. சாவி துவாரம் மாதிரி நீட்டமா இருந்தது. குண்டு மூக்கால போகல, விலாவால போயிருக்கு. அந்த ரைஃபிளை வாங்கினேன். போல்ட்டைக் கழட்டிட்டு, வாயில டம்மி தோட்டாவோட மூக்கை விட்டுப் பார்த்தேன். நல்ல பேரல்னா கொஞ்சம் உள்ள போய் நின்னுடும். இது லபக்குனு கழுத்து வரைக்கும் முழுங்கிடுச்சு. வேற ரைஃபிள் குடுக்கச் சொன்னேன். அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரு கைக்குட்டைக்குள்ள.''

''பையன்கிட்ட யாராவது ஸாரி சொன்னாங்களா?''

''சேச்சே. அப்படி ஒரு ட்ரில் சிலபஸ்லயே கிடையாது சார்.''

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பையனுக்கு அதிர்ஷ்டம், ஓட்டையின் வடிவத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அன்று அங்கே இருந்தார். இல்லாமல் எத்தனை பையன்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்? 'சுடத் தெரியாதவன்' என்ற பட்டத்தோடு சர்வீஸ் முழுக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குழாயின் குற்றம், ஆளின் ரெக்கார்டில்.

ரெக்கார்டோடு போனால்கூடப் பரவாயில்லை. 2008 நவம்பர் 26 ராத்திரி மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில் ஏ.கே. 47 வைத்திருந்த இருவருக்கு எதிரே நம் போலீஸ்காரர்கள் நின்றது லத்தியோடும் 303-ஓடும்தான். அந்த மாதிரி நேரத்தில், கையிலிருப்பது பழசுதான் என்றாலும், சொன்ன இடத்துக்குப் போகுமா என்பது வெறும் மார்க் விஷயமில்லை.

தேய்ந்ததைச் சரி செய்ய முடியாதா? கொஞ்சம் முடியும்.

முதல் வைத்தியம், வெறும் குளியல். செத்துவிட்டது என்று ஒதுக்கிய பேரல்களில் பாதி அழுக்குதான் என்கிறார் ஹவில்தார். குண்டின் மேல் உறை உரசி உரசி, உள்ளே உலோகப் பூச்சாகப் படிந்திருக்கும். அம்மோனியா கலந்த திரவம் போட்டால் அது கரையும். துணி நீல நிறமாக வெளியே வரும். நீலம் நிற்கும்வரை விடக் கூடாது. பல நாள் வேலை. கம்பி வலையைச் சுற்றி பரபரவென்று தேய்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும், பேரலும் முடிந்துவிடும்.

வாய் மட்டும் கெட்டிருந்தால் நுனியைக் கடைந்து புது வாய் வைக்கலாம். ரஷ்யாவில் உலக யுத்தத்துக்குப் பிறகு தங்கள் பழைய மோசின்-நாகன்ட் துப்பாக்கிகளுக்கு இன்னொரு வித்தை செய்தார்கள். நீளத்தைக் குறைக்காமல், வாயின் உள்பக்கத்தைக் கொஞ்ச ஆழம் வரை பெரிதாகக் கடைந்துவிட்டார்கள். கெட்ட பகுதி குண்டைத் தொடாது. நல்ல பகுதியிலிருந்து புறப்பாடு. பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை.

முழுக் குழாயும் போயிருந்தால், பெரிதாகத் துளைத்து உள்ளே புதுக் குழாய் செருகலாம். பைக் எஞ்சினுக்கு ஸ்லீவ் போடுகிறார்களே, அதே தான். பர்மிங்ஹாமில் பார்க்கர் என்பவரின் கம்பெனி இப்படி 303-க்குள் சின்ன 22 குழாயைப் புகுத்தி மலிவான பயிற்சித் துப்பாக்கியாக்கியது. கடைசி வழி புது பேரல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் இதெல்லாம் பொழுதுபோக்கு. ரிடையர்டு ஆசாமிகள் தாத்தா காலத்து ராணுவத் துப்பாக்கியை வாங்கி, கொல்லையில் உட்கார்ந்து துணி நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே யாரும் உற்சாகமாகிவிட வேண்டாம். 303 தடை செய்யப்பட்ட போர். ஆயுதச் சட்டம் 1959. பரணில் தாத்தா வைத்தது என்று ஏதாவது கிடந்தால், அம்மோனியாவைத் தேடாமல் போலீஸ் ஸ்டேஷனைத் தேடுங்கள்.

வைத்தியத்துக்கு அடங்காத 303-களை நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இஷாப்பூரில் 303-ஐ வரிப்பள்ளமே இல்லாத வழவழக் குழாயாக்கி, 410 மஸ்கட் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. காவல் வேலைக்குப் போதும். ரிடையர் ஆன ராணுவக்காரரை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்க வைக்கிற ஐடியா துப்பாக்கிகளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதற்கும் ஆகாதவற்றுக்கு 'டி.பி.' முத்திரை. ட்ரில் பர்ப்பஸ். தோளில் வைத்து நடக்கலாம், சுட முடியாது. அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. சுடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

நேர்மைதான் இதில் விஷயமே. 2019 ஆகஸ்டில் பீகாரில் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்கு அரசு மரியாதை. 22 துப்பாக்கிகள். அப்போதைய முதல்வர் முன்னிலையில். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நாடே சிரித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வெடிக்காத துப்பாக்கி உடனே மாட்டிக்கொள்கிறது. தேய்ந்த துப்பாக்கி மாட்டாது. சத்தம் வரும், புகை வரும், உதைக்கும். குண்டு மட்டும் எங்கேயோ போகும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் குனிந்து பார்த்து, கம்பியை விட்டு அளந்து, 'இது லாயக்கில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் புதிதாக ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் ஃபைல் திரும்பி வரும். எழுதாவிட்டால் ஒரு வம்பும் இல்லை, பழி பையன் மேல்.

அடுத்த முறை பந்தோபஸ்தில் பழைய ரைஃபிளோடு நிற்கிற கான்ஸ்டபிளைப் பார்த்தால் கிண்டல் செய்யாதீர்கள். அவர் நன்றாகச் சுடுகிறவராகவே இருக்கலாம். வேண்டுமானால், 'மேற்படி துப்பாக்கியின் பேரலைக் கடைசியாக எந்தத் தேதியில் அளந்தார்கள்?' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பதில் வராது. பாதுகாப்புக் காரணம் என்பார்கள். பரவாயில்லை. மனு போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது ஒருத்தர் டார்ச் லைட்டைத் தேடுவார்.